கோளாறு நுரையீரலிலா, டிவியிலா?

1.
லேப்டாப்பை டிவியில் மாட்டினால் எழுத்து மங்கலாத் தெரியுதா? படத்தோட ஓரம் வெட்டுப்பட்டுப் போகுதா? கறுப்பான இடமெல்லாம் தார் ஊத்தின மாதிரி இருக்கா? "டிவி பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த இழையை ஒருமுறை படிச்சிடுங்க. பெரும்பாலும் டிவியிலும் பழுது இருக்காது, லேப்டாப்பிலும் பழுது இருக்காது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்டு இருக்கும். செலவே இல்லாம சரிபண்ணிடலாம்.

2.
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. நான் ரேடியாலஜிஸ்ட். காலையிலிருந்து ராத்திரி வரை சாம்பல் நிறத்தைப் பார்க்கிறதுதான் என் பொழப்பு. முன்னெல்லாம் எக்ஸ்ரேயை பெரிய பழுப்புக் கவரில் ஃபிலிமாகக் கொடுப்போம். இப்போ பல இடங்களில் சிடியாகவோ மொபைலுக்கு லிங்க்காகவோ போயிடுது. வீட்டுக்குப் போய் ஹாலில் இருக்கிற டிவியில் பெருசாப் போட்டு, குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறாங்க. பார்க்கிறது தப்பில்லை. ஆனா அந்த டிவி காட்டுறதெல்லாம் எக்ஸ்ரேயில் இருக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டா சிக்கல்.

3.
ஒரு சம்பவம் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்னாடி ஒரு பெரியவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட் நார்மல். மறுநாள் காலையில் அவர் மகன் ஓ.பி. திறக்கிறதுக்கு முன்னாடியே வாசலில் நிக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. "டாக்டர், ராத்திரி சிடியை லேப்டாப்பில் போட்டு டிவியில் பார்த்தேன். அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் நுரையீரல் முழுசா கறுத்துப் போயிருக்கு. நாப்பது வருஷமா சிகரெட் குடிச்சவர். நீங்க எப்படி நார்மல்னு எழுதினீங்க?"

4.
அவர் கேட்டது நியாயமான கேள்வி. தியேட்டரில் படம் ஆரம்பிக்கும் முன் வரும் புகையிலை எதிர்ப்பு விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, கறுப்பு நுரையீரல்னா கெட்டுப்போன நுரையீரல். ஆனா எக்ஸ்ரே வேற கணக்கு. அதில் கறுப்புன்னா காற்று. கதிர் தடையில்லாம ஊடுருவிப் போன இடம் கறுப்பு. எலும்பு மாதிரி தடுத்து நிறுத்தின இடம் வெள்ளை. நுரையீரல் முழுக்கக் காற்று, அதனால் கறுப்பாத்தான் இருக்கணும். சளி கட்டினா, நிமோனியா வந்தா, நீர் கோத்தா அந்த இடம் வெள்ளையாகும். சிகரெட் தார் படிஞ்ச கறை எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

5.
இதைச் சொன்னதும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. ஆனா அவர் மொபைலில் எடுத்து வந்த டிவி போட்டோவைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு. நல்ல நுரையீரலில் கறுப்புக்கு நடுவே ரத்தக் குழாய்கள் மெல்லிய சாம்பல் கோடுகளா, மரக்கிளை மாதிரி ஓரம் நோக்கிப் பிரிஞ்சு போகும். அந்தப் படத்தில் ஓரப் பகுதியில் ஒரு கிளையும் இல்லை. எம்பிசீமா என்கிற நோயில் நுரையீரல் அப்படி அதிகக் கறுப்பாத் தெரியும். நுரையீரலைச் சுத்தி காற்று கசிஞ்சு தேங்கும் நியூமோதோராக்ஸிலும் அந்த இடத்தில் குழாய்க் கோடுகள் இருக்காது. அதாவது, அவர் பயந்த காரணம் தப்பு. ஆனா அந்தப் போட்டோவை மட்டும் காட்டி என்னிடம் கருத்துக் கேட்டிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்.

6.
அதே சிடியை என் மானிட்டரில் போட்டோம். கிளைகள் எல்லாம் அழகாத் தெரிஞ்சுது. அவர் இன்னொரு விஷயமும் சொன்னார்: "இங்கே மேல அப்பா பேரு இருக்கே டாக்டர், எங்க டிவியில் பேருல பாதி காணோம்." அந்த ஒரு வரி போதும். பேர் வெட்டுப்பட்டா ஒரு கோளாறு. கறுப்பு அடைஞ்சு போனா இன்னொரு கோளாறு. ரெண்டும் டிவி செட்டிங். அன்னைக்கு சாயங்காலம் போனில் சொல்லச் சொல்ல அவரே ரிமோட்டில் மாத்தினார். "இப்போ கோடு கோடாத் தெரியுது டாக்டர்"னு சொன்னார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லாருக்குமா விரிவா எழுதுறேன். எக்ஸ்ரே பார்க்காதவங்களுக்கும், ஆன்லைன் வகுப்பு, எக்செல், போட்டோ எதுவா இருந்தாலும் இதே கணக்குதான்.

7.
அடிப்படை இதுதான். மானிட்டர் வந்ததை வந்தபடி காட்டும். டிவி அப்படி இல்லை. சினிமாவும் கிரிக்கெட்டும் காட்டுறதுக்காகச் செஞ்ச பொருள். உள்ளே எது வந்தாலும் அதை சினிமான்னு நினைச்சு ஓரத்தை வெட்டும், கூர்மையாக்கும், நிறத்தை ஏத்தும், புள்ளிகளைத் தேய்க்கும். கல்யாண போட்டோகிராபர் முகத்தைப் பளபளப்பாக்கிற மாதிரி. பாட்டுக் காட்சிக்கு அது நல்லாத்தான் இருக்கும். எழுத்துக்கும் எக்ஸ்ரேக்கும் அது ஆகாது. கீழே வர்ற வைத்தியத்தில் பாதி, "இது சினிமா இல்லப்பா, கம்ப்யூட்டர்"னு டிவிக்குப் புரிய வைக்கிறதுதான்.

8.
முதல் பரிசோதனை: கோளாறு எங்கேன்னு பிரிச்சுப் பார்க்கணும். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்க. டிவியோட சொந்த மெனு எழுத்து பளிச்சுன்னு இருந்து, லேப்டாப் எழுத்து மட்டும் மங்கலா இருந்தா, திரையில் பழுதில்லை. உள்ளே வர்ற சிக்னலிலோ அதை டிவி கையாள்றதிலோதான் சிக்கல். மெனு எழுத்தும் மங்கலா இருந்தா, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குற தினசரி காலண்டரைப் பாருங்க. அதுவும் மங்கலா இருந்தா டிவி மெக்கானிக்கிடம் போகாதீங்க, கண் டாக்டரிடம் போங்க. சும்மா சொல்லலை. தூரப் பார்வை குறைஞ்சதை டிவி மேல பழி போடுறவங்க நிறைய.

9.
அடுத்து, எப்படி இணைச்சிருக்கீங்க? வயர் இல்லாம வைஃபை வழியா மிரர் பண்ணினா, படத்தை வீடியோவாகச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது நுணுக்கம் போகும், எழுத்து ஓரம் பிசிறடிக்கும். பழைய நீல நிற விஜிஏ கேபிள்னா அது 1987-இல் வந்த அனலாக் தொழில்நுட்பம். கேபிள் நீளமானாலோ தரமில்லாம இருந்தாலோ எழுத்துக்குப் பின்னால் நிழல் அடிக்கும். ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல். அதில் கேபிள் கெட்டா பெரும்பாலும் படம் விட்டு விட்டு வரும், மினுக்கும், அல்லது வரவே வராது. அதனால் ஹெச்டிஎம்ஐயில் படம் நிலையா வந்து, ஆனா மங்கலா இருந்தா, விலை உயர்ந்த கேபிள் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை.

10.
மங்கலுக்கு முதல் காரணம் ரெசல்யூஷன். ஒவ்வொரு திரையிலும் இத்தனை புள்ளிதான்னு ஒரு கணக்கு உண்டு. ஃபுல் ஹெச்டின்னா 1920 x 1080. 4கேன்னா 3840 x 2160. நம்ம ஊரில் "ஹெச்டி ரெடி"ன்னு விற்கிற 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலும் 1366 x 768 தான். லேப்டாப் அனுப்புற புள்ளிக் கணக்கும் திரையோட புள்ளிக் கணக்கும் ஒத்துப்போனா எழுத்து பளிச்சுன்னு இருக்கும். ஒத்துப்போகலைன்னா டிவி இழுத்தோ சுருக்கியோ பொருத்தும், அங்கேதான் மங்கல். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய், டிவியைத் தேர்ந்தெடுத்து, அதுக்குரிய ரெசல்யூஷனை வைங்க.

11.
இதில் பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கு. விண்டோஸ் கீயையும் பி கீயையும் சேர்த்து அழுத்தினா நாலு விருப்பம் வரும். நிறைய பேர் "டூப்ளிகேட்"டில் வச்சிருப்பாங்க. அதில் லேப்டாப்புக்கும் டிவிக்கும் பொதுவான ஒரு அளவைத்தான் கம்ப்யூட்டர் பிடிக்கும். லேப்டாப் சின்னதுன்னா, 4கே டிவிக்கும் அந்தச் சின்னப் படம்தான் போகும். "எக்ஸ்டெண்ட்" அல்லது "செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி"க்கு மாத்திப் பாருங்க. பல வீடுகளில் பிரச்சினை இங்கேயே முடிஞ்சிடும். எழுத்து ரொம்பப் பொடிசா ஆயிடுச்சுன்னா ரெசல்யூஷனைக் குறைக்காதீங்க. அதே பக்கத்தில் "ஸ்கேல்" இருக்கும். அதை 150 அல்லது 200 சதவீதம் வைங்க. எழுத்து பெருசாகும், கூர்மை குறையாது.

12.
4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகருதா? 60-க்குப் பதில் நொடிக்கு 30 படம்தான் போகுதுன்னு அர்த்தம். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கேக்கு 30 தான் முடியும். 60 வேணும்னா 2013-இல் வந்த 2.0 தரம் லேப்டாப்பிலும் டிவி போர்ட்டிலும் இருக்கணும். இருந்தும் வரலைன்னா டிவியில் அந்த போர்ட்டுக்கு ஒரு அனுமதி கொடுக்கணும். சாம்சங்கில் அது "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "அல்ட்ரா ஹெச்டி டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மட்". ரிமோட்டில் தேடினா கிடைக்கும்.

13.
இப்போ அந்த மகன் சொன்ன "பேர் பாதி காணோம்" சமாச்சாரம். இதுக்குப் பேர் ஓவர்ஸ்கேன். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் ஓரத்தில் படம் நேரா நிக்காது, கோணலா இருக்கும். அதை மறைக்க படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிடுவாங்க. ஒளிபரப்புறவங்களும் முக்கியமானது எதையும் ஓரத்தில் வைக்க மாட்டாங்க. டியூப் போய் தட்டை டிவி வந்து எத்தனையோ வருஷமாச்சு. இந்தப் பழக்கம் மட்டும் போகலை. தேவையே இல்லாம ஓரத்தை வெட்டி, மிச்சத்தை இழுத்துக் காட்டும் டிவிகள் இன்னும் இருக்கு. இழுக்கிறதால் எழுத்தும் மங்கும். ஆக ஒரே கோளாறில் ரெண்டு தொந்தரவு.

14.
டாஸ்க்பார் பாதி மறைஞ்சா ஓவர்ஸ்கேன்னு சந்தேகமில்லாமச் சொல்லலாம். சாம்சங்கில் பிக்சர் சைஸ் போய் "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஃபிட் டு ஸ்கிரீன்". எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்". சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவை "ஃபுல் பிக்ஸல்". மத்த டிவிகளில் "ஓவர்ஸ்கேன் ஆஃப்", "ஒன் டு ஒன்", "டாட் பை டாட்"னு ஏதாவது ஒரு பேரில் இருக்கும். லேப்டாப் பக்கத்தில் படத்தைச் சுருக்கிப் பொருத்துற வசதியும் உண்டு. அது கடைசி வழி. அப்படிச் செஞ்சா ஓரம் தெரியும், ஆனா ரெண்டு தடவை இழுத்துச் சுருக்கின படம் கூர்மையா இருக்காது.

15.
ஓரம்தானே, போனாப் போகுதுன்னு நினைக்காதீங்க. எக்ஸ்ரேயில் நோயாளி பேர், எடுத்த தேதி, இடது வலது குறி எல்லாம் மூலையிலும் ஓரத்திலும்தான் இருக்கும். ஒரு மருத்துவமனைக் கூட்டத்தில் ஒரே நோயாளியோட ரெண்டு எக்ஸ்ரேயைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சு சுவர் டிவியில் போட்டாங்க. ஒண்ணில் நீர் அதிகம், ஒண்ணில் குறைவு. தேதி ரெண்டுமே வெட்டுப்பட்டுப் போச்சு. எது பழசு, எது புதுசு? நோய் குறையுதா, ஏறுதா? மருந்தைத் தொடரணுமா, மாத்தணுமா? எல்லாத்துக்கும் பதில் அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்துச்சு. டெக்னீஷியன் ரிமோட்டை வாங்கி ரெண்டு பட்டன் அழுத்தினதும் தேதி வெளியே வந்துச்சு. அதுக்குப் பிறகுதான் பேச்சே தொடர்ந்துச்சு.

16.
அடுத்தது கறுப்பு அடைஞ்சு போறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை எண்ணாச் சொல்லும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. ஆனா டிவி, சினிமா உலகத்தில் 16 தான் கறுப்பு, 235 தான் வெள்ளை. இப்போ லேப்டாப் தன் கணக்கில் 0 முதல் 255 வரை அனுப்புது. டிவியோ தன் கணக்கில் படிக்குதுன்னு வைங்க. 16-க்குக் கீழே இருக்கிற அத்தனையும் ஒரே கறுப்பு. 235-க்கு மேல இருக்கிற அத்தனையும் ஒரே வெள்ளை. நடுவில் இருக்கிறதும் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாச் சாயும். தலைகீழா நடந்தா, கறுப்பு எல்லாம் வெளிறி, கண்ணாடி மேல பனி படிஞ்ச மாதிரி சாம்பலா இருக்கும்.

17.
வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்கலாம். பெயிண்ட் செயலியைத் திறங்க. "எடிட் கலர்ஸ்" போய் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் 0 போட்டு பக்கம் முழுக்க நிரப்புங்க. அப்புறம் மூணுக்கும் 10 போட்டு நடுவில் ஒரு கட்டம் வரைங்க. அறை விளக்கை அணைச்சுட்டு டிவியைப் பாருங்க. கட்டம் லேசாத் தெரியணும். தெரியவே இல்லைன்னா கறுப்பு அடைஞ்சிருக்கு. அதே மாதிரி 255 வெள்ளையில் 245 கட்டம் வரைஞ்சும் பாருங்க. காசு செலவில்லாத பரிசோதனை, அஞ்சு நிமிஷம் போதும்.

18.
சரிபண்ண ரெண்டு பக்கமும் ஒரே மொழி பேசணும். டிவியில் சாம்சங்கில் "ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்", எல்ஜியில் "பிளாக் லெவல்", சோனியில் "வீடியோ ரேஞ்ச்"னு இருக்கும். கம்ப்யூட்டரில் என்விடியா கன்ட்ரோல் பேனலில் "அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்", இன்டெலில் "குவான்டைசேஷன் ரேஞ்ச்", ஏஎம்டியில் "பிக்ஸல் ஃபார்மட்". ரெண்டிலும் "ஃபுல்" வைங்க. டிவியில் ஃபுல் இல்லைன்னா ரெண்டிலும் "லிமிடெட்" வைங்க. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்தி, பெயிண்ட் கட்டத்தைப் பார்த்து, அப்புறம் அடுத்ததுக்குப் போங்க. ஒரே நேரத்தில் நாலு மாத்திரை கொடுத்தா எது கேட்டுச்சுன்னு தெரியாது இல்லையா, அதே கதைதான்.

19.
அந்த மகன் ராத்திரி முழுக்கத் தூங்காததுக்குக் காரணம் இதுதான். நுரையீரல் ஓரத்து மெல்லிய குழாய்கள் எக்ஸ்ரேயில் அடர்ந்த இருட்டு அளவுகளில்தான் இருக்கும். டிவி அதை முழுங்கிடுச்சு. இல்லாத நோய் இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. இதோட எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். தலை சிடி ஸ்கேனில் மண்டை ஓடு வெள்ளை, புதுசா கசிஞ்ச ரத்தமும் வெளிர். எலும்பை ஒட்டி மெல்லிசா ரத்தம் தேங்கினா, ரெண்டு வெள்ளைக்கும் நடுவே இருக்கிற சின்ன வேறுபாட்டை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வெள்ளைப் பக்கம் இருபது படியை ஒண்ணாக்கிட்டா எலும்போட ரத்தமும் கலந்து போக வாய்ப்பிருக்கு. இருக்கிற நோய் இல்லாத மாதிரி தெரியும்.

20.
ஷார்ப்னெஸ். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. இது இல்லாத நுணுக்கத்தைக் கொண்டு வராது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரத்தில் கூடுதலா ஒரு கோடு போடும். எழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் தெரியுதா? அதுதான். நம்ம கண்ணுக்கே இப்படி ஓரத்தில் கோடு பார்க்கிற பழக்கம் உண்டு. 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் விளக்கினதால் அதுக்கு மாக் பட்டைன்னு பேர். தோல் மடிப்பை நியூமோதோராக்ஸ் கோடுன்னும், எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு விழுற ஓரத்தை முறிவுன்னும் ஏமாறாம இருக்க எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித் தருவாங்க. டிவி தன் பங்குக்கு இன்னொரு கோடு போட்டா எப்படி? வளையம் மறையும் வரை ஷார்ப்னெஸ்ஸைக் குறைங்க. அதுக்குக் கீழே குறைச்சா மங்கும், அங்கே நிறுத்துங்க.

21.
கூடவே அணைக்க வேண்டியவை: நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங், அறை வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி தானா மங்குற ஈகோ சென்சார். "விவிட்" மோடையும் விட்டுடுங்க. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கிறதுக்கானது அது. நாய்ஸ் ரிடக்‌ஷன் சின்னப் புள்ளிகளை இரைச்சல்னு நினைச்சுத் தேய்க்கும். எங்க வேலையில் சில நேரம் அந்தச் சின்னப் புள்ளிதான் நோயே. டைனமிக் கான்ட்ராஸ்ட் படம் மாற மாற வெளிச்சத்தை மாத்தும். ஒரே எக்ஸ்ரே பக்கத்தில் வெள்ளைப் பக்கம் இருந்தா ஒரு மாதிரி, இல்லைன்னா வேற மாதிரி தெரியும்.

22.
கறுப்பு எழுத்து தெளிவா இருக்கு, சிவப்பு எழுத்து மட்டும் கலங்கலா இருக்கா? இது நிறச் சுருக்கம். நம்ம கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாப் பார்க்காது. இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி, வீடியோவில் நாலு புள்ளிக்கு ஒரு நிறம்னு சிக்கனம் பண்ணுவாங்க. சினிமாவில் கண்டுபிடிக்கவே முடியாது. ஈசிஜியில் மாட்டிக்கும். ஈசிஜி தாளில் இதயத் துடிப்புக் கோடு கறுப்பு, அளக்குற கட்டம் சிவப்பு அல்லது ரோஸ். ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ., 0.04 நொடி. கோடு 1 மி.மீ. தூக்கியிருக்கா இல்லையாங்கிறது மாரடைப்பு விஷயத்தில் பெரிய கேள்வி. கோடு தெளிவா இருந்து அளவுகோல் கலங்கினா எப்படி அளக்கிறது?

23.
இதுக்கு வைத்தியம் விசித்திரமா இருக்கும். சாம்சங், எல்ஜி டிவிகளில் அந்த ஹெச்டிஎம்ஐ இன்புட்டோட பேரை, ஐகானை "பிசி"ன்னு மாத்துங்க. வெறும் பேர் மாத்துறதுன்னு நினைப்பீங்க. ஆனா அப்படி மாத்தினதும் டிவி நிறத்தைச் சுருக்காம முழுசாக் காட்டும். அழகுபடுத்துற வேலைகளில் பலதையும் தானே நிறுத்திடும். சோனியில் பிக்சர் மோடை "கிராஃபிக்ஸ்" வைக்கணும். நேரமில்லாதவங்க இந்த ஒண்ணை மட்டுமாவது செஞ்சிடுங்க. "இது கம்ப்யூட்டர்"னு டிவிக்கு நேரடியாச் சொல்றது இதுதான்.

24.
படம் பக்கவாட்டில் இழுபட்டு, ஆளுங்க குண்டாத் தெரியுறாங்களா? ஆஸ்பெக்ட் ரேஷியோவை "ஒரிஜினல்" அல்லது "16:9" வைங்க. இதில் ஒரு சுவாரசியம். எக்ஸ்ரேயை அகலத்தில் இழுத்தா இதயம் பெருசா, உருண்டையாத் தெரியும். "ஹார்ட் வீங்கியிருக்கு"ன்னு வீட்டில் பயந்துடுவாங்க. ஆனா நாங்க பார்க்கிறது இதயத்தோட அகலம் நெஞ்சோட அகலத்தில் பாதிக்கு மேல போகுதாங்கிற விகிதத்தை. அகலத்தில் இழுத்தா ரெண்டும் ஒரே அளவு இழுபடும், விகிதம் மாறாது. கண் ஏமாந்தாலும் கணக்கு ஏமாறாது.

25.
எல்லாம் சரிபண்ணியும் கிட்டே போனா எழுத்து பிசிறடிக்குதா? அது கோளாறே இல்லை. ஆரோக்கியமான கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரிச்சுப் பார்க்கும். 24 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டரில் ஒரு புள்ளி சுமார் 0.28 மி.மீ.; அது 95 செ.மீ. தாண்டினா தனியாத் தெரியாது. 43 இன்ச் ஃபுல் ஹெச்டி டிவியில் அதே எண்ணிக்கைப் புள்ளிதான், ஆனா ஒவ்வொண்ணும் அரை மி.மீ. அது மறைய அஞ்சரை அடி தள்ளி உட்காரணும். மேஜை மேல டிவியை வச்சு மூணடியில் வேலை பார்க்கணும்னா 4கே வாங்குங்க. இன்னொண்ணு, நல்ல படத்துக்கும் ஒரு குழந்தை டிவிக்கு முன்னால் போய் ஒட்டிக்கிட்டு நின்னா, அதட்டுறதுக்கு முன்னால் கண்ணைப் பரிசோதிங்க. கிட்டப் போய் பார்க்கிறதால் பவர் வந்தது இல்லை, பவர் இருக்கிறதால் கிட்டப் போறதா இருக்கலாம்.

26.
இத்தனையும் செஞ்ச பிறகும் டிவி டிவிதான். எக்ஸ்ரே கோப்பில் சாம்பல் படிகள் பொதுவா 4096 அல்லது அதுக்கு மேல இருக்கும். சாதாரண இணைப்பில் டிவிக்குப் போறது 256. ஃபுல் ஹெச்டியில் மொத்தம் 20 லட்சம் புள்ளி. நெஞ்சு எக்ஸ்ரேயில் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேலேயே இருக்கும். நாங்க நோயைக் கணிக்கிற மானிட்டரில் ஒவ்வொரு சாம்பல் படியும் கண்ணுக்குச் சமமான வித்தியாசத்தில் தெரியணும்னு டைகாம் தரத்தில் அளந்து வச்சிருப்பாங்க. மேமோகிராமுக்கு 50 லட்சம் புள்ளி மானிட்டர். பளபளப்புக்காக இல்லை. ஒரு படி விட்டுப்போனா ஒரு நோய் விட்டுப்போகும்ங்கிறதால்.

27.
அதனால் வீட்டில் ஸ்கேன் பார்க்கிறவங்களுக்கு மூணு வேண்டுகோள். ஒண்ணு, படத்தில் ஏதோ தெரிஞ்சா முதலில் ரிப்போர்ட்டைப் படிங்க. ரெண்டும் முரண்பட்டா எழுதின டாக்டரிடமே கேளுங்க, கேட்கிறது உங்க உரிமை. ரெண்டு, ரிப்போர்ட் நார்மல்னாலும் மூச்சுத் திணறலோ, நெஞ்சுவலியோ, தலையில் அடிபட்ட பிறகு வாந்தியோ இருந்தா படத்தை ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காம மருத்துவமனைக்குப் போங்க. மூணு, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க டிவித் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பாதீங்க. திரைப் புள்ளியும் கேமரா புள்ளியும் மோதி அலை அலையாக் கோடு விழும், டியூப்லைட் பிரதிபலிக்கும். சிடியையோ லிங்க்கையோ கொடுங்க.

28.
சேமிச்சு வைக்க, வரிசை இதோ:
மெனு எழுத்தையும் காலண்டரையும் பார்த்து கோளாறு எங்கேன்னு பிரிக்கணும்.
வைஃபை, விஜிஏ விட்டு ஹெச்டிஎம்ஐ.
டூப்ளிகேட் வேண்டாம், டிவியோட சொந்த ரெசல்யூஷன், தேவைன்னா ஸ்கேல்.
இன்புட் பேர் "பிசி".
ஓவர்ஸ்கேன் ஆஃப்.
ரெண்டு பக்கமும் ஃபுல், இல்லைன்னா ரெண்டு பக்கமும் லிமிடெட்.
ஷார்ப்னெஸ் வளையம் மறையும் வரை குறைக்கணும்.
நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ சென்சார் ஆஃப்.
ஒரு நேரத்தில் ஒண்ணு மட்டும்.

29.
சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டிவி எத்தனை இன்ச், எந்த ரெசல்யூஷன், எந்த கேபிள், இந்த மூணையும் எழுதினா பதில் சொல்ல வசதி. எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தை மட்டும் தயவுசெஞ்சு பொதுவெளியில் போடாதீங்க. மூலையில் நோயாளி பேர், வயசு, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். உங்க டிவியில் அது வெட்டுப்பட்டு இருக்கலாம். என் திரையில் முழுசாத் தெரியும்.